ஸ்டெடிகேம் கருவித்தொகுதியின் தெரிவும் தகவமைப்பும்: நிறை, தொலைவு, உடல் நோக்கிய விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கேமராவை மனித உடலோடு பிணைத்து, அதே வேளையில் உடலின் அதிர்வுகளிலிருந்து அதனைப் பிரித்து இயக்குவதற்கு உருவான கருவி ஸ்டெடிகேம். எவ்வளவு எடையைத் தாங்கும், எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்னும் இரு வினாக்களோடு இக்கருவியின் தெரிவு பல நேரங்களில் முடிந்துவிடுகிறது. நிலைப்பைத் தருவது எடையோ பெயரோ அன்று. நிறை எங்கே, எவ்வளவு தொலைவில் வைக்கப்பட்டுள்ளது என்பதும், அச்சுமை எவருடைய உடலில் எவ்வழியாக இறங்குகிறது என்பதுமே தெரிவுக்கு அடிப்படை என்பதை இக்கட்டுரை எளிய இயற்பியல் கணக்குகளின் துணையோடும் திரைப்பட வரலாற்றிலிருந்து எடுத்த சில சான்றுகளோடும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஸ்டெடிகேம், கிம்பல், நிலைமத் திருப்புத்திறன், விழுநேரம், இயங்குச் சமநிலை, வெஸ்ட்.

முன்னுரை

1970களின் நடுப்பகுதி வரை திரைப்படக் கேமராவை நகர்த்துவதற்குப் பெரிதும் இரண்டு வழிகளே கைக்கொள்ளப்பட்டன. தண்டவாளத்தின் மீதோ கிரேனின் மீதோ ஏற்றி நகர்த்துவது ஒன்று. தோளில் தாங்கி நடப்பது மற்றொன்று. முன்னது நிலையானது, ஆயின் படிக்கட்டிலும் மேடுபள்ளமான நிலத்திலும் மக்கள் கூட்டத்தின் நடுவிலும் செல்ல இயலாதது. பின்னது எங்கும் செல்லும். ஆயின் ஒவ்வொரு காலடியும் படத்தில் குலுக்கலாகப் பதியும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துவந்த காரெட் பிரௌன், ஏறத்தாழ 800 பவுண்டு எடையுள்ள பழைய டாலி ஒன்றை வைத்திருந்தார். அந்தப் பளுவிலிருந்து விடுபட அவர் மேற்கொண்ட முயற்சியே ஸ்டெடிகேமாக முதிர்ந்தது. 'பவுண்ட் ஃபார் குளோரி', 'மாரத்தான் மேன்', 'ராக்கி' ஆகிய மூன்று படங்களும் இக்கருவியின் பயன்பாட்டோடு 1976ஆம் ஆண்டு வெளிவந்தன. இவற்றுள் முதலாவதில், கிரேனில் அமர்ந்தபடி உயரத்திலிருந்து இறங்கிய பிரௌன், தரையைத் தொட்டதும் கிரேனிலிருந்து எழுந்து, புலம்பெயர் தொழிலாளர் முகாமின் கூட்டத்திற்குள் நடந்து சென்றார். வெட்டு எதுவுமின்றி ஒரே எடுப்பாக அமைந்த அக்காட்சி, முன்னர் கூறிய இரு வழிகளாலும் இயலாதது. கருவியை உற்பத்தி செய்த சினிமா புராடக்ட்ஸ் நிறுவனத்திற்கும் பிரௌனுக்கும் 1978இல் ஆஸ்கர் அறிவியல் தொழில்நுட்ப விருது வழங்கப்பட்டது.

தமிழில் இக்கருவியைப் பற்றி எழுதுவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர் ஒரு சொல். கருவியை இயக்குபவரை 'இயக்குநர்' என்று குறிப்பிட இயலாது. அச்சொல்லைத் திரைத்துறை வேறொருவருக்கு எப்போதோ அளித்துவிட்டது. 'ஒளிப்பதிவாளர்' என்பதும் பொருந்தாது. ஸ்டெடிகேமைச் சுமப்பவர் பல படங்களில் ஒளிப்பதிவாளரின் கீழ்ப் பணிபுரியும் தனி வல்லுநர். எனவே இக்கட்டுரையில் அவர் 'கருவியாளர்' எனப்படுகிறார். வெஸ்ட், கிம்பல், ஸ்லெட் முதலிய உறுப்புப் பெயர்கள் படப்பிடிப்புத் தளத்தில் வழங்கும் வடிவிலேயே ஆளப்படுகின்றன.

உறுப்புகளும் அவற்றின் பணிப் பகிர்வும்

ஸ்டெடிகேம் என்பது தனி ஒரு கருவி அன்று, ஒரு தொகுதி. கருவியாளர் உடுத்தும் வெஸ்ட், அதிலிருந்து நீளும் சுருள்வில் கை, கையின் முனையில் அமையும் கிம்பல், கிம்பலின் ஊடே செல்லும் தண்டு, தண்டின் மேல்முனையில் கேமராவும் கீழ்முனையில் மானிட்டரும் பேட்டரிகளும் அமைந்த ஸ்லெட் என அது விரியும். படம் குலுங்காமல் இருப்பதற்குச் சுருள்வில் கையே காரணம் என்னும் எண்ணம் பரவலானது. அது பாதி உண்மையே. நடக்கும்போது உடல் மேலும் கீழுமாக எழுந்து தாழ்வதைத்தான் கை விழுங்குகிறது. படத்தைப் பெரிதும் கெடுப்பது அந்த ஏற்றத்தாழ்வு அன்று. கேமரா சாய்வதும் திரும்புவதும் ஆகிய கோண அசைவே. தொலைவிலுள்ள ஒரு கட்டடத்தைப் படமாக்கும் கேமரா ஒரு செ.மீ. மேலே எழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு பாகை சாய்ந்தால் சட்டகம் முழுவதும் ஆடும். இக்கோண அசைவைத் தடுப்பவை இரண்டு. உராய்வு மிகக் குறைந்த கிம்பல், உடலின் திருப்பு விசை கேமராவைச் சென்றடையாமல் துண்டிக்கிறது. அதையும் மீறி வந்துசேரும் சிறு விசைக்கு, பரந்து வைக்கப்பட்ட நிறை தன் நிலைமத்தால் இணங்க மறுக்கிறது. தெரிவு, தகவமைப்பு ஆகியவற்றின் நுட்பங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான் அடங்கியுள்ளன.

நிறையும் தொலைவும்

சுழற்சிக்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பு நிலைமத் திருப்புத்திறன் எனப்படும். இது நிறைக்கு நேர்விகிதத்திலும், அச்சிலிருந்து நிறை உள்ள தொலைவின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் அமையும் என்பது பள்ளி இயற்பியல். ஸ்டெடிகேமின் முழு இரகசியமும் இந்த 'இருமடி' என்னும் சொல்லில் உள்ளது எனலாம்.

எளிமை கருதி, ஸ்லெட்டை இரு புள்ளி நிறைகளாகக் கொள்ளலாம். கிம்பலுக்கு 0.2 மீட்டர் மேலே 10 கிலோ கேமராவும், 0.5 மீட்டர் கீழே 4 கிலோ எடையுள்ள மானிட்டர்–பேட்டரித் தொகுதியும் இருப்பதாகக் கொண்டால், இருபுறத் திருப்புத்திறன்களும் சமமாகித் தண்டு நிகர்நிலை அடையும். அப்போது நிலைமத் திருப்புத்திறன் 1.4 கி.கி.மீ² ஆகும். இனி, ஒரு கிராம் நிறையும் கூட்டாமல், தண்டை மட்டும் நீட்டிக் கீழ்நிறையை 0.8 மீட்டருக்குக் கொண்டுசென்றால், சமநிலைக்காகக் கேமரா 0.32 மீட்டர் உயரத்திற்குச் செல்ல வேண்டும். நிலைமத் திருப்புத்திறன் ஏறத்தாழ 3.6 ஆக உயரும். தொலைவு 1.6 மடங்கானபோது சுழற்சிக்கான எதிர்ப்பு இரண்டரை மடங்கைத் தாண்டிவிட்டது. நீளம் மாற்றத்தக்க தண்டுகள் விரும்பப்படுவதற்கு இது ஒரு முதன்மைக் காரணம். கேமராவின் உயரத்தை மாற்றுவதற்காக மட்டுமே தண்டு நீள்கிறது என்று கருதி, நீளாத தண்டுள்ள மலிவுத் தொகுதியை வாங்குபவர் இழப்பது இதைத்தான்.

இதன் மறுபக்கமும் உண்டு. நிலைமம் மிகும்போது கேமராவைத் திருப்பத் தொடங்குவதற்கும் நிறுத்துவதற்கும் கூடுதல் விசை தேவைப்படும். கேமராவைத் திடீரென மேலோ கீழோ சாய்க்க வேண்டிய காட்சிக்கு நீண்ட தண்டு இடையூறு. குறுகிய இடைகழியில் அது சுவரிலும் முழங்காலிலும் இடிக்கும். ஆகவே சரியான நீளம் என்று ஒன்று இல்லை. காட்சிக்குக் காட்சி அது மாறும்.

எடை குறைந்த கேமராவின் சிக்கல்

எண்ணிமக் கேமராக்கள் சிறுத்தபோது ஸ்டெடிகேம் கருவியாளர்களின் துயரம் தீர்ந்தது என்று கருதப்பட்டது இயல்பே. ஆரி நிறுவனத்தின் அலெக்சா மினியின் உடற்பகுதி 2.3 கிலோ மட்டுமே. மேற்கூறிய கணக்கில் கேமரா 3 கிலோ, கீழ்நிறை 1.2 கிலோ என்று குறைத்து, தொலைவுகளை அப்படியே வைத்துக்கொண்டால் நிலைமத் திருப்புத்திறன் 0.42 ஆகச் சுருங்கும். தண்டைத் தொடும் விரலின் அதே நடுக்கம், பத்துக் கிலோ கேமராவைப் போல் மூன்று மடங்குக்கும் மேலான கோண முடுக்கத்தை இப்போது தரும். முதுகுக்கு நன்மை, படத்திற்குத் தீமை. இதனால்தான் சிறிய கேமராவைப் பொருத்தும் கருவியாளர்கள் பலர் அதன் மேலும் கீழும் உலோக எடைத்தட்டுகளைத் திருகுகின்றனர். எடையைக் குறைக்கப் பெரும்பொருள் செலவிட்டு வடிவமைத்த கேமராவின் தலையில் வேண்டுமென்றே எடையை ஏற்றுவது வெளியாளுக்கு வேடிக்கையாகத் தோன்றக்கூடும். ஆயினும் எடையை ஏற்றுவதினும் ஏற்ற வேண்டிய இடத்தை அறிவதே திறன். தட்டுகளை நடுவில் குவிப்பதைவிட, கேமராவின் முன்புறமும் பின்புறமும் தள்ளி வைத்தால் குறைந்த எடையிலேயே பக்கவாட்டுத் திரும்பலுக்குரிய நிலைமம் கிடைக்கும்.

மானிட்டர் மாற்றத்திலும் இதே சிக்கல் எழுந்தது. கண்ணை வியூஃபைண்டரில் வைத்தால் தலையசைவு கேமராவுக்குக் கடத்தப்படும் என்பதால் ஸ்டெடிகேமுக்கு மானிட்டர் இன்றியமையாதது. பழைய தொகுதிகளில் பச்சை நிறத்தில் ஒளிரும் சிறிய கதிர்க்குழாய்த் திரைகள் இருந்தன. வெயிலிலும் தெளிவாகத் தெரிவது அவற்றின் சிறப்பு. எடை மிகுந்த அத்திரை தண்டின் கீழ்முனையில் எதிர்நிறையாகவும் பணியாற்றியது. அதனைக் கழற்றிவிட்டு மெல்லிய எல்சிடி திரையைப் பொருத்தியவர்கள், திரை தெளிவாகியும் கருவி 'படபடக்கிறது' என்று உணர்ந்ததில் வியப்பில்லை. உறுப்பொன்றை மாற்றுவது அதன் பணியை மட்டும் மாற்றுவதன்று; அது ஏற்றிருந்த நிறையையும் மாற்றுவதாகும். புதிய மானிட்டர் வாங்கும்போதே, இரண்டாவது பேட்டரிக்கு இடமுள்ள அடித்தட்டையோ கூடுதல் தண்டு நீட்சியையோ சேர்த்துத் திட்டமிடுவது நன்று.

விழுநேரம்

கருவியைச் சமன்செய்தபின் தண்டைக் கிடைமட்டமாகப் பிடித்து விட்டுவிட்டால், கீழ்ப்புறம் சற்றே கனமாக இருப்பதால் அது மெல்லத் திரும்பி நேர்குத்து நிலையைக் கடக்கும். அதற்கு எடுக்கும் காலமே விழுநேரம். இரண்டு முதல் மூன்று வினாடி என்பது பரவலாகக் கொள்ளப்படும் தொடக்க அளவு. இது எவ்வளவு நுண்ணிய சமன்செய்தல் என்பதைக் கணக்கே காட்டும். முன்னர் கண்ட 14 கிலோ தொகுதியில் இரண்டரை வினாடி விழுநேரம் வேண்டுமெனில், மொத்த ஈர்ப்பு மையம் கிம்பலுக்கு ஏறத்தாழ 5.6 மி.மீ. மட்டுமே கீழே இருக்க வேண்டும். கேமராவின் அடியில் விரைவுப் பொருத்துத் தட்டு ஒன்றைச் செருகிக் கேமராவை இரண்டு செ.மீ. உயர்த்தினால் போதும், ஈர்ப்பு மையம் கிம்பலைத் தாண்டி மேலேறித் தண்டு தலைகீழாகக் கவிழும்.

விழுநேரம் குறைவாக இருந்தால் கேமரா எப்போதும் நேராக நிற்க முனையும், அடிவானம் பிழைபடாது. ஆனால் அப்போது தொகுதி ஓர் ஊசல் ஆகிவிடுகிறது. கருவியாளர் நடக்கத் தொடங்கும்போது கீழ்முனை பின்தங்கும். நிற்கும்போது முன்னே வீசும். விழுநேரம் கூடக்கூட இந்த ஊசலாட்டம் மந்தமாகி, குறுகிய கால முடுக்கங்கள் படத்தில் தெரியாமல் போகும். ஆனால் கேமராவை நேராக வைத்திருக்கும் பொறுப்பு முழுவதும் விரல்களுக்கு வந்துவிடும். பயிற்சி மாணவர்க்குக் குறைந்த விழுநேரம் பாதுகாப்பாகத் தோன்றும். அந்தப் பாதுகாப்பு நெடுநாள் நீடித்தால் விரல்கள் பழகாமலே போகும் என்பதும் எண்ணத்தக்கது.

படச்சுருள் காலத்தில் இந்த மில்லிமீட்டர்க் கணக்கு மேலும் கடினமாக இருந்தது. 400 அடி 35 மி.மீ. சுருள் ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ளது. வினாடிக்கு 24 சட்டக வேகத்தில் நான்கரை நிமிடத்திற்குள் முழுவதும் ஓடிவிடும். ஓடும்போது சுருள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் இடம்பெயரும் அமைப்புள்ள மேகசினில், அந்த ஒரு கிலோ 10 செ.மீ. நகர்ந்தால், 14 கிலோ தொகுதியின் ஈர்ப்பு மையம் 7 மி.மீ. விலகும். விழுநேரத்திற்காக விடப்பட்ட 5.6 மி.மீ. இடைவெளியைவிட இது பெரிது. எடுப்பின் தொடக்கத்தில் நேராக நின்ற தண்டு முடிவில் சாய்ந்துவிடும். எடுப்பின் நடுப்பகுதிக்கு ஏற்பச் சமன்செய்துகொண்டு, தொடக்கத்திலும் முடிவிலும் விரலால் ஈடுகட்டுவது ஒரு வழி. இன்று சுருள் இல்லை; ஆயினும் ஜூம் லென்ஸின் உள்ளுறுப்பு முன்பின் நகரும்போது அதே சிக்கல் சிறிய அளவில் திரும்ப வருகிறது.

இயங்குச் சமநிலை

தண்டு நேர்குத்தாக அசையாமல் நிற்பது நிலைச் சமநிலை. அதே தண்டை விரைவாகச் சுழற்றும்போதும் தள்ளாடாமல் நேராக நிற்பது இயங்குச் சமநிலை. முதலாவது இருந்தும் இரண்டாவது இல்லாமல் போகலாம் என்பதே பலரைத் திகைக்கச் செய்வது. மானிட்டர் முன்னே நீண்டும் பேட்டரி பின்னே நீண்டும் இருக்கின்றன. இவற்றின் முன்பின் திருப்புத்திறன்கள் கேமராவின் இடநிலையோடு சேர்ந்து சமமானால் நிலைச் சமநிலை கிட்டும். சுழற்சியின்போதோ ஒவ்வொரு நிறையும் வெளிநோக்கி இழுக்கிறது. அந்த இழுப்பு கிம்பலிலிருந்து எவ்வளவு மேலே அல்லது கீழே நிகழ்கிறது என்பதும் கணக்கில் சேர்கிறது. எனவே நிறை, முன்பின் தொலைவு, மேல்கீழ்த் தொலைவு ஆகிய மூன்றின் பெருக்கங்களும் கூட்டினால் சுழியம் ஆக வேண்டும்.

இதன் நடைமுறை விளைவு ஒன்றைச் சுட்டினால் போதும். கேமராவின் ஈர்ப்பு மையத்தைத் தண்டின் நேர் மேலே வைப்பதே முறை என்று தோன்றும். உண்மையில் அது பெரும்பாலும் தண்டின் மையத்திற்குச் சற்றுப் பின்னே, பேட்டரிப் பக்கமாக அமைய வேண்டியிருக்கிறது. மானிட்டரைப் பார்வைக்கு வசதியாகச் சற்று மேலே உயர்த்தினால் நிலைச் சமநிலையில் முன்பின் மாற்றம் எதுவும் தெரியாது. சுழற்றினால் தண்டு தள்ளாடும். அப்போது பேட்டரியையும் கேமராவையும் மீண்டும் நகர்த்த வேண்டும். பேட்டரியும் மானிட்டரும் தனித்தனியே முன்பின் நகரத்தக்கனவாக இல்லாத ஸ்லெட்டில் இதற்கு வழியே இல்லை. தெரிவின்போது தண்டு கார்பன் இழையால் ஆனதா என்பதைவிட இவ்வசதி உண்டா என்று பார்ப்பதே பயன் தரும். ஜெர்ரி ஹோல்வே, லாரி ஹேபால் இருவரும் எழுதிய ஸ்டெடிகேம் கையேடு இப்பொருளை விரிவாக விளக்குகிறது.

கையும் வெஸ்டும்: சுமை இறங்கும் வழி

இதுவரை கூறப்பட்டவை கருவியைப் பற்றியவை. கருவியைத் தாங்குவது ஓர் உடல். கேமரா, ஸ்லெட், கை எல்லாம் சேர்ந்து 25 கிலோ என்றும், அதன் மையம் முதுகெலும்புக்கு 40 செ.மீ. முன்னே இருப்பதாகவும் கொண்டால், கருவியாளரை முன்னோக்கிக் கவிழ்க்கும் திருப்பு விசை ஏறத்தாழ 98 நியூட்டன் மீட்டர். ஸ்லெட்டை 10 செ.மீ. உடலுக்கு அருகே கொண்டுவந்தாலே அது 74 ஆகக் குறையும். எடையைக் குறைக்க இயலாத இடத்திலும் தொலைவைக் குறைக்க இயலும். ஆனால் தொலைவு குறையக்குறையத் தண்டின் கீழ்ப்பகுதி காலில் இடிக்கும் வாய்ப்பு மிகும். உயரம் குறைந்த கருவியாளர்க்கு இது மேலும் கடுமை.

சுருள்வில் கை, இரு இணைகரக் கட்டமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்தது. மேல் எழும்போதும் கீழ் இறங்கும்போதும் தூக்குவிசை ஏறத்தாழ மாறாமல் இருக்குமாறு சுருள்வில்கள் அமைக்கப்படுகின்றன. ஒவ்வொரு கைக்கும் ஓர் எடை எல்லை உண்டு. பேரெல்லையை மட்டும் நோக்கி வாங்குவது பிழை. கீழெல்லையும் அதே அளவு முக்கியம். மிகக் கனமான கேமராவுக்கென அமைந்த கை, எடை குறைந்த கேமராவை மேலே தூக்கிக்கொண்டு விறைத்து நிற்கும். ஜார்ஜ் பேடக் உருவாக்கிய ப்ரோ வகைக் கைகளில் சுருள்வில்கள் குப்பிகளாக அமைந்து, எடைக்கேற்பக் கழற்றி மாற்றத்தக்கனவாக இருந்தன. ஒரே கருவியை விளம்பரப் படத்திற்கும் பெரும்படத்திற்கும் கொண்டுசெல்வோர்க்கு இத்தகைய தகவமைப்பு பெருந்துணை.

வெஸ்டின் தெரிவே மிகுதியும் அலட்சியப்படுத்தப்படுவது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் செலவிட்டபின் எஞ்சிய தொகையில் வாங்கப்படும் பொருளாக அது ஆகிவிடுகிறது. வெஸ்டின் பணி சுமையைத் தோளிலிருந்து நீக்கி இடுப்பெலும்பில் இறக்குவது. உடற்பகுதியின் நீளத்திற்கு வெஸ்ட் பொருந்தாவிட்டால் இடுப்புப்பட்டை வயிற்றில் ஏறும் அல்லது தொடையில் இறங்கும்; சுமை மீண்டும் தோளுக்கே போகும். கையை வெஸ்டில் பொருத்தும் இடத்தில் இரு திருகுகள் உள்ளன. கை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் சாயும் கோணத்தை அவை தீர்மானிக்கும். கருவியாளர் தமக்கு இயல்பான நிலையில் நிற்கும்போது கருவி எப்பக்கமும் நழுவாமல் மிதக்க வேண்டும். நழுவினால் அதனை அவர் கையால் இழுத்துப் பிடிக்க நேரும். அந்த இழுப்பு கிம்பலின் பிடியினூடே படத்திற்குள் நுழையும். ஆகவே வெஸ்ட் பொருந்தாமை உடல்வலிக்கு மட்டுமன்று, படக்குறைக்கும் காரணமாகிறது.

முன்புற வெஸ்டில் மார்பெலும்பின் நடுவே உலோகத் தண்டு செல்கிறது. பெண் கருவியாளர்க்கு அது பொருந்தாமையை நேரடியாகவே உணர்த்தும். நெடுநேர எடுப்பில் மூச்சையும் கட்டுப்படுத்தும். கனடாவைச் சேர்ந்த வால்டர் கிளாசன் உருவாக்கிய பின்புறப் பொருத்து வெஸ்ட், கையை முதுகுப்புறத்திலிருந்து வளைத்துக் கொண்டுவந்து மார்பை விடுவித்தது. மார்பிலேயே கை பொருந்தும்போது உடல் திரும்பலுக்குக் கருவி உடனே செவிசாய்க்கிறது என்று பழைய முறையையே விரும்புவோரும் உண்டு. இதில் எது மேல் என்பதைக் கண்காட்சி அரங்கின் ஐந்து நிமிட உடுத்தலில் முடிவு செய்ய இயலாது. முழு எடையோடு அரைமணி நேரம் நின்று, நடந்து, படியேறிப் பார்த்தபின் எழும் வலி எவ்விடத்தில் உள்ளது என்பதே அளவுகோல். தொடையிலும் புட்டத்திலும் களைப்பு எழுவது இயல்பு. கீழ்முதுகில் ஒரு புள்ளியில் வலி குவிந்தால் வெஸ்டோ நிற்கும் நிலையோ தவறு. முன்னேறிய கருவியாளரின் பணிக்காலம் முடிவதும் பெரும்பாலும் திறன் குன்றியதால் அன்று, முதுகும் முழங்காலும் இடங்கொடாமையாலேயே என்பதை நோக்க, இத்தெரிவில் காட்டும் சிக்கனம் சிக்கனமாகாது.

மின்னோட்டமும் படச்சைகையும்

பழைய ஸ்லெட்டைப் புதிய கேமராவுக்குத் தகவமைக்கும்போது இடர் தருவது பெரும்பாலும் தண்டின் உள்ளே ஓடும் கம்பிகள். அவை 12 வோல்ட் மின்வழங்கலுக்கும் பழைய ஒப்புமைக் காணொளிச் சைகைக்கும் இடப்பட்டவை. கேமராவும் துணைக்கருவிகளும் சேர்ந்து 100 வாட் ஈர்த்தால், 12 வோல்ட்டில் மின்னோட்டம் 8.3 ஆம்பியர், 24 வோல்ட்டில் 4.2 ஆம்பியர். கம்பியிலும் இணைப்பிகளிலும் மொத்தம் 0.1 ஓம் மின்தடை இருந்தால் முன்னதில் 0.83 வோல்ட்டும் ஏறத்தாழ 7 வாட்டும் வீணாகும். பின்னதில் வீணாவது 2 வாட்டுக்கும் குறைவு. பேட்டரி தளரும் வேளையில் அந்த 0.83 வோல்ட் இழப்பே கேமரா எடுப்பின் நடுவில் அணைந்துபோகப் போதுமானது. இரு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறும் அமைப்பு இதனால்தான் வேண்டப்படுகிறது.

படச்சைகை வேறொரு சிக்கல். உயர்தெளிவு எண்ணிமச் சைகை வினாடிக்கு ஏறத்தாழ 1.5 கிகாபிட் வேகத்தில் செல்வது. அதற்கு 75 ஓம் இணையச்சுக் கம்பி தேவை. பழைய கம்பியில் அது பாதி வழியிலேயே சிதையும். கம்பியைத் தண்டுக்கு வெளியே கட்டி ஓட்டுவது படப்பிடிப்பு நாளில் கைகொடுக்கும் தற்காலிக ஏற்பாடு. ஆனால் கிம்பலைக் கடக்கும் இடத்தில் விறைத்த கம்பி ஒரு சுருள்வில்லைப் போல் தண்டைத் தள்ளும். உராய்வைக் குறைக்கக் கிம்பலுக்குக் கொடுத்த விலையை அந்த ஒரு கம்பி விழுங்கிவிடும்.

படங்கள் வேண்டிய மாற்றங்கள்

கருவி காட்சிக்கேற்ப மாறியதற்குத் திரைப்பட வரலாறு நல்ல சான்றுகள் தருகிறது. ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' (1980) படத்தில் விடுதியின் நடைக்கூடங்களில் மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டும் சிறுவனைத் தரையை ஒட்டிய உயரத்தில் பின்தொடர வேண்டியிருந்தது. தண்டைத் தலைகீழாக்கிக் கேமராவைக் கீழே தொங்கவிடும் தாழ்நிலை அமைப்பும், கருவியைச் சக்கர நாற்காலியில் ஏற்றும் ஏற்பாடும் அப்படத்தில் கைக்கொள்ளப்பட்டன. தாழ்நிலைக்குக் கேமராவை மேற்புறத்திலிருந்து பிடிக்கும் கூடு, கையோடு இணைக்கும் தனி வளைவுப்பகுதி, தலைகீழாகத் திரும்பும் மானிட்டர் ஆகியவை தேவை. இவை முதல் தெரிவிலேயே கருத்தில் இல்லாவிட்டால் பின்னர் ஒவ்வொன்றும் தனிச் செலவு.

'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை' (1983) படத்தின் காட்டுவழித் துரத்தலுக்காகப் பிரௌன் கலிபோர்னியாவின் செம்மரக் காட்டில் நடந்தே படமெடுத்தார். கேமரா வினாடிக்கு முக்கால் சட்டகம் என்ற வேகத்தில் இயங்கியது. 24 சட்டக வேகத்தில் திரையிடும்போது அது 32 மடங்கு விரைவாகும். மணிக்கு 5 கி.மீ. நடை 160 கி.மீ. பாய்ச்சலாகத் தெரியும். அதே கணக்கில் மெல்லிய சாய்வும் 32 மடங்கு விரைந்த குலுக்கலாகிவிடும் என்பதால் சுழலும் கைரோஸ்கோப்புகள் கருவியில் சேர்க்கப்பட்டன. காற்று வீசும் வெளிப்புறப் படப்பிடிப்பிலும் கைரோஸ்கோப் பயன்படுவதுண்டு; உராய்வற்ற கிம்பல் உடலின் விசையை மட்டுமன்றிக் காற்றின் விசைக்கான எதிர்ப்பையும் நீக்கிவிடுகிறது. அதற்குக் கைரோஸ்கோப்பைவிட எளிய தீர்வு, காற்றின் திசையில் துணித்திரையைப் பிடித்தபடி உடன் நடக்கும் ஓர் உதவியாளர்.

அலெக்சாண்டர் சொகுரோவின் 'ரஷ்யன் ஆர்க்' 2001 டிசம்பர் 23 அன்று புனித பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் ஒரே எடுப்பாக, 90 நிமிடங்களுக்கும் மேலாகப் படமாக்கப்பட்டது. ஸ்டெடிகேமைச் சுமந்தவர் டில்மன் பூட்னர். பதிவு செய்யும் வன்தட்டுத் தொகுதி அவர் உடலில் ஏற்றப்படாமல், உடன் நடந்த உதவியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. எதனைச் சுமக்க வேண்டாம் என்று முடிவு செய்வதும் கருவித் தெரிவே.

மோட்டார் கிம்பல்களின் வரவு

2013இல் ஃப்ரீஃப்ளை நிறுவனத்தின் மோவி வெளிவந்தபின், உணரிகளும் மோட்டார்களும் கொண்டு கோண அசைவைத் திருத்தும் கைக்கிம்பல்கள் பரவின. இவற்றுக்கு நிலைமம் வேண்டியதில்லை. சிறிய கேமரா இவற்றுக்கு நன்மையே. ஆனால் இவை கேமரா மேலும் கீழும் எழுந்து தாழ்வதைத் தடுப்பதில்லை; சுருள்வில் கை விழுங்கிய நடையசைவு இங்கே படத்திற்குத் திரும்பிவிடுகிறது. சுமையும் இடுப்பிலிருந்து மணிக்கட்டுக்கு இடம்பெயர்கிறது. ஸ்டெடிகேமின் காலம் முடிந்தது என்ற கணிப்பு அன்று எழுந்தாலும், பின்னர் நிகழ்ந்தது இருமுறைகளின் கலப்பு. குர்ட் ஷாலர் உருவாக்கி 2016இல் ஆரி நிறுவனத்தின் கீழ் வந்த ட்ரினிட்டி, வெஸ்ட், சுருள்வில் கை, தண்டு ஆகியவற்றின் மேல் மோட்டார் கிம்பலைப் பொருத்தியது. ஸ்டெடிகேமின் வோல்ட் அமைப்பு, கிம்பலில் அடிவானத்தை மோட்டாரால் காக்கிறது. மின்சாரம் நின்றாலும் கருவி பழைய இயந்திர நிலையில் தொடர்ந்து இயங்கும். மின்சாரம் அறும்போது என்னாகும் என்னும் வினா, எவ்வகை மோட்டார்க் கருவியை வாங்கும்போதும் கேட்கத்தக்கது.

பயன்பட்ட கருவியைச் சோதித்தல்

புதிய தொகுதியின் விலை காரணமாகத் தொடக்க நிலையினர் பலர் பயன்பட்ட கருவியையே நாடுகின்றனர். வெஸ்டின் கிழிசலும் தண்டின் கீறலும் கண்ணுக்குத் தெரியும். விலையைக் குறைத்துப் பேசவும் உதவும். கிம்பலின் பழுது கண்ணுக்குத் தெரியாது. அதன் அச்சுகள் மூன்றும் தண்டின் நடுவில் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். எப்போதோ கீழே விழுந்த கிம்பலில் அப்புள்ளி ஒரு மி.மீ. விலகியிருக்கலாம். விழுநேரத்திற்கான முழு இடைவெளியே ஐந்தாறு மி.மீ. என்பதை நினைத்தால் இவ்விலகலின் பெருமை விளங்கும். சோதனை எளியது. கருவியை நேர்குத்தாகச் சமன்செய்து, தண்டைத் திரும்பவிடாமல், கிம்பலின் கைப்பிடியை மட்டும் தண்டைச் சுற்றி மெல்லக் கொண்டுசெல்ல வேண்டும். கைப்பிடி எத்திசையில் இருந்தாலும் தண்டு நேராகவே நின்றால் கிம்பல் நலமாக உள்ளது. ஒரு திசையில் நேராகவும் மறு திசையில் சாய்ந்தும் நின்றால் மையம் பிறழ்ந்துள்ளது. பின்னர் தண்டை மிக மெல்லத் திருப்பிவிட்டு, அது நிற்கும் விதத்தை நோக்க வேண்டும். வேகம் தேய்ந்து தானாக அடங்கினால் பேரிங் தூய்மையானது. ஓரிடத்தில் தட்டி நின்றால் தூசியோ தேய்மானமோ உள்ளே இருக்கிறது. தூசியைத் துப்புரவு செய்யலாம். பிறழ்ந்த மையத்தை அத்துறை அறிந்த பணிமனையில் மட்டுமே திருத்த இயலும். அச்செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்தபின் பேரம் பேசுவது முறை.